டர்பன் சாலையில் டொயோட்டா சேஃப்டி சென்ஸ்: எங்கே காக்கும், எங்கே கைவிடும்

இசிபிங்கோவை ஒட்டியிருக்கும் பிராஸ்பெக்டன் தொழிற்சாலையில் 2021 முதல் டொயோட்டா கரோலா கிராஸ் தயாராகிறது. சாட்ஸ்வொர்த்தில் நின்றாலும் டோங்காட்டில் நின்றாலும் நாலு நிமிடத்துக்கு ஒன்று கண்ணில் படும் வண்டி. அதன் உயர் ரகங்களில் வரும், மோதலைத் தவிர்க்க ஓட்டுநருக்கு உதவும் கருவிகளின் தொகுப்பான சேஃப்டி சென்ஸைப் பற்றியது இந்த மதிப்புரை. ரகத்துக்கு ரகம், ஆண்டுக்கு ஆண்டு இதில் சேர்க்கையும் விடுபாடும் உண்டு. ஆகவே பணம் கட்டும் முன் நீங்கள் வாங்கும் ரகத்தின் விவரத்தாளை வரி வரியாகப் பாருங்கள். ஹவால், செரி, பிஒய்டி போன்ற வண்டிகளில் வேறு பெயரில் வருவதும் அடிப்படையில் இதே சரக்குதான். கீழே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

முன்கண்ணாடியின் மேல்பக்கம், பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால், ஒரே ஒரு கேமரா. முன் கிரில்லில் இருக்கும் டொயோட்டா முத்திரைக்குப் பின்னால் ஒரு மில்லிமீட்டர் அலை ரேடார். முன்னால் நடப்பதை அறிய இந்த வண்டிக்கு வேறு கண் கிடையாது. ஒப்பிட்டுப் பாருங்கள்: அமெரிக்காவில் ஓட்டுநரே இல்லாமல் ஓடும் வேமோவின் ஜாகுவார் வண்டியில் 29 கேமரா, 5 லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் உணரி), 6 ரேடார். ‘இது தானே ஓட்டிக்கொள்ளும்’ என்று ஷோரூமில் யாராவது சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள். தானியங்கித் திறனை 0 முதல் 5 வரை படிகளாகப் பிரிக்கிறார்கள். இது இரண்டாம் படி. கண்ணும் கையும் பொறுப்பும் ஓட்டுநருடையவை.

தொகுப்பிலேயே விலை பெறும் பாகம் முன்மோதல் தடுப்பு. முன்னால் போகும் வண்டியை நெருங்கும் வேகத்தைக் கணக்கிட்டு, முதலில் சத்தம் போடும். ஓட்டுநர் பிரேக்கைத் தொட்டால் அழுத்தத்தைக் கூட்டும். தொடாவிட்டால் தானே பிடிக்கும். இதன் பலன் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு கணக்கில் காட்டலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி வினாடிக்கு 16.7 மீட்டர் ஓடுகிறது. எதிர்பாராத தடங்கலைப் பார்த்து மனிதன் பிரேக்கில் கால் வைக்க ஏறத்தாழ ஒன்றரை வினாடி ஆகும். அதற்குள் 25 மீட்டர் போய்விடும். காய்ந்த தாரில் நல்ல டயரோடு நிற்க மேலும் 20 மீட்டர் வேண்டும். ஆக 45 மீட்டர். கருவி அரை வினாடியில் முடிவெடுத்தால் மொத்தம் 28 மீட்டர். இந்த 17 மீட்டர் ஒரு பாதசாரிக் கடப்பின் அகலத்தைவிடப் பெரியது. ஓட்டுநர் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் மனிதப் பக்கக் கணக்கு இன்னும் மோசமாகும். 120 கி.மீ. வேகத்தில் மூன்று வினாடி குனிந்தால் 100 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

பலன் கற்பனையல்ல. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வுகளில், எச்சரிக்கையும் தானியங்கி பிரேக்கும் சேர்ந்த வண்டிகள் முன்வண்டியின் பின்புறத்தில் மோதுவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆனால் முன்னால் போவது கனரக லாரியாக இருந்தால் குறைவு 38 விழுக்காடுதான். மோட்டார் சைக்கிளாக இருந்தால் 41. உணவும் மளிகையும் கொண்டு ஓடும் டெலிவரி பைக்குகள் பெருகிவிட்ட நம் நகரத்தில் இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

வேகம் கூடக்கூட இந்தப் பாதுகாப்பு சரியும். 2022-இல் அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் நான்கு வண்டிகளைச் சோதித்தது. சேஃப்டி சென்ஸ் பொருத்திய ராவ்4 அதில் ஒன்று. நின்றிருக்கும் வண்டியை 48 கி.மீ. வேகத்தில் நெருங்கியபோது 20 ஓட்டத்தில் 17-இல் மோதல் தவிர்க்கப்பட்டது. 64 கி.மீ. ஆனபோது 20-க்கு 6. குறுக்குச் சந்திப்பில் பக்கவாட்டிலிருந்து வரும் வண்டியை நான்கில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. நம் டர்பன் ஃபீனிக்ஸ் நெடுஞ்சாலையில் ரோபோ, அதாவது போக்குவரத்து விளக்கு, சிவப்பாக இருக்கும்போதே ஒரு டாக்ஸி குறுக்கே பாய்ந்தால், உங்களைக் காப்பது உங்கள் கழுத்துத் திருப்பம்தான்.

பாதசாரி விஷயத்துக்கு வருவோம். நம் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 12,000 பேர் சாலையில் சாகிறார்கள். லட்சம் பேருக்கு 19, 20 என்ற கணக்கு. அவர்களில் மிகப் பெரிய பங்கு நடந்து போனவர்கள். ஆகவே தென்னாப்பிரிக்காவில் இத்தகைய தொகுப்பை அளக்கும் முதல் கேள்வி ‘நடப்பவரைப் பார்க்கிறதா?’ என்பதாகத்தான் இருக்க வேண்டும். தோல் இருக்கையும் பெரிய திரையும் அதற்குப் பிறகு.

பகலில், 10 முதல் 80 கி.மீ. வேகத்துக்குள், நிமிர்ந்து நடக்கும் பெரியவரை இது அறியும். டொயோட்டா கையேடு தன் கருவியின் குறையை மறைக்கவில்லை. அதைப் பாராட்ட வேண்டும். அறிய முடியாமல் போகலாம் என்று அது தரும் பட்டியலை நம் வீட்டார் ஒவ்வொருவரும் படிப்பது நல்லது: 1 மீட்டருக்குக் குறைந்த உயரம், 2 மீட்டருக்கு மேற்பட்ட உயரம், நீளப் பாவாடை, மழைக்கோட்டு போல உடல் வடிவத்தை மறைக்கும் உடை, சுமை அல்லது குடையால் உடலின் ஒரு பகுதி மறைந்தவர், குனிந்தவர், குந்தியிருப்பவர், தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ தள்ளுபவர், கூட்டமாக நடப்பவர்கள்.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு தைப்பூசத்தன்று ஒரு காவடி ஊர்வலத்தைப் பாருங்கள். தோளில் காவடி ஏறியதும் பக்தரின் உயரம் 2 மீட்டரைத் தாண்டும். மயிற்பீலியும் பூவும் தோளையும் தலையையும் மறைக்கும். பக்கத்தில் சேலை கட்டிப் பால்குடம் சுமக்கும் பெண்கள். இடுப்புயரம் கூட இல்லாத பிள்ளைகள். காவடிக்காரரின் காலடியில் தண்ணீர் ஊற்றக் குனியும் உறவினர். ஈஸ்டர் சமயத்தில் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும் இதே காட்சிதான், ஆயிரக்கணக்கில். கேமராவின் கணிப்பு நிரலுக்கு மனிதன் என்றால் தலை, தோள், இரண்டு கால் கொண்ட ஒரு நிழலுரு. அந்த உருக் கலைந்தால் அதற்கு மனிதன் தெரிவதில்லை. தலையில் மூட்டை சுமந்து என்2 நெடுஞ்சாலை ஓரம் நடக்கும் ஜூலுப் பெண்ணுக்கும் இதே ஆபத்து. காரைத் தயாரிக்கும் ஆலைக்குப் பக்கத்துத் தெருவிலேயே கார் அடையாளம் காணத் தடுமாறும் மனிதர்கள் நடக்கிறார்கள். ஆகவே விழா நாளில் கோயில் தெருவுக்குள் நுழையும் வண்டிக்கு விதி ஒன்றே: 20 கி.மீ.க்குக் கீழே, கால் பிரேக்கின் மேல், கருவி இல்லை என்ற நினைப்போடு.

உரு அடையாளம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2018 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெம்பி நகரில் நடந்ததே சாட்சி. ஊபரின் சோதனை வண்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரவில் சாலையைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றது. விசாரணையில் தெரிந்தது இது: மோதலுக்கு 5.6 வினாடிக்கு முன்பே உணரிகள் அவரைக் கண்டுவிட்டன. ஆனால் நிரல் அவரை வாகனம், இன்னதென்று தெரியாத பொருள், சைக்கிள் என்று மாற்றி மாற்றிப் பெயரிட்டது. பெயர் மாறும்போதெல்லாம் அதுவரை அவர் நகர்ந்த தடத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. கடப்பு இல்லாத இடத்தில் ஒருவர் சாலையைக் கடப்பார் என்பதே அந்த நிரலில் எழுதப்படவில்லை. உள்ளே கண்காணிக்க இருந்தவர் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். இயந்திரத்தின் தவறும் மனிதனின் தவறும் ஒரே வினாடியில் சந்தித்த இடம் அது.

இருட்டு இன்னொரு பெரிய ஓட்டை. அதே காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வில், பாதசாரிக்கான தானியங்கி பிரேக் மொத்தத்தில் பாதசாரி மோதல்களை 27 விழுக்காடு குறைத்தது. விளக்கில்லாத இருண்ட சாலையில் எந்தக் குறைவும் இல்லை. காரணம் எளிது. தாழ்விளக்கு ஏறத்தாழ 50 மீட்டர் தூரத்துக்குத்தான் தெளிவாகக் காட்டும், 120 கி.மீ. வேகத்தில் நிற்க, தாமதமே இல்லாமல் பிடித்தால்கூட ஏறத்தாழ 80 மீட்டர் வேண்டும். வெருலம் தாண்டி வடக்கே போகும் என்2-வில் இரவில் வேகத்தைக் குறைப்பதற்கு மாற்று இந்தப் பெட்டியில் இல்லை. மாடும் ஆடும் வந்தால் கேட்கவே வேண்டாம். விலங்கை அறிவதற்காகச் செய்யப்பட்டதல்ல இது.

ரேடார் கொண்டு இயங்கும் வேகக் கட்டுப்பாடு, என்3-இல் நீண்ட தூரம் போகிறவருக்கு உண்மையான சுகம். இடைவெளியை மூன்று அளவில் வைக்கலாம். 80 கி.மீ. வேகத்தில் அவை ஏறத்தாழ 50, 40, 30 மீட்டர். எப்போதும் நீளமானதையே வையுங்கள். 50 மீட்டர் என்றால் இரண்டே கால் வினாடி. 30 என்றால் ஒன்றரை வினாடிகூட இல்லை. ஆனால் இடைவெளி தெரிந்தவுடன் ஒரு டாக்ஸி அதில் நுழையும், உங்கள் கார் பின்வாங்கும், அடுத்த டாக்ஸி நுழையும். பலர் எரிச்சலில் குட்டை இடைவெளிக்கு மாற்றிவிடுகிறார்கள். அது தவறு. பைன்டவுனுக்கும் ஸ்பாகெட்டி சந்திப்புக்கும் இடையே காலை நெரிசலில் இந்த வசதியை அணைத்துவிட்டுக் காலால் ஓட்டுவதே மேல்.

இதைவிட ஆபத்தானது, தடத்தில் பழுதாகி அசையாமல் நிற்கும் லாரி. பாலம், பலகை, தடுப்புக் கம்பி எல்லாமே ரேடாருக்கு ‘நிற்கும் பொருள்’தான். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி ஓடவே முடியாது. அதனால் அதிவேகத்தில் நிற்கும் பொருளின் எதிரொலியை இத்தகைய கருவிகள் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். முன்னால் போன கார் கடைசி நேரத்தில் ஒதுங்க, அதன் பின்னால் நின்ற லாரி வெளிப்படுகிறது என்று வையுங்கள்; கருவி முன்வண்டி போய்விட்டது என்று வேகத்தைக் கூட்டவும் செய்யலாம். வான் ரீனன் கணவாயிலும் டவுன் ஹில்லிலும் மூடுபனி இறங்கும்போது இதை நினைவில் வையுங்கள். செங்குத்து இறக்கத்தில் இந்தக் கட்டுப்பாட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்று கையேடே சொல்கிறது.

தட வழிகாட்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 50 கி.மீ.க்கு மேல், கோடு நன்றாகத் தெரிந்தால் வேலை செய்யும். என்3 விரிவாக்க வேலை நடக்கும் பகுதிகளில் அழித்த பழைய வெள்ளைக் கோடும் தற்காலிக மஞ்சள் கோடும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. அங்கே ஸ்டியரிங்கைத் தவறான பக்கம் இழுக்கும். அணைத்துவிடுங்கள். இதற்காக மேல்ரகம் வாங்கத் தேவையில்லை. இப்படிப் பாதி தானாக ஓடும் வசதிகள் விபத்தைக் குறைக்கின்றன என்பதற்கு அந்தக் காப்பீட்டு நிறுவனம் சான்று எதையும் காணவில்லை. 2024-இல் ஓட்டுநரின் கவனத்தைக் காக்கும் ஏற்பாடுகளுக்காக அது 14 தொகுப்புகளை மதிப்பிட்டபோது 11 மோசம் என்ற தரமே பெற்றன. கையை எடுத்தவுடன் மனம் வேறெங்கோ போகும். ஆபத்து வரும்போது அந்த மனத்தைத் திரும்ப அழைக்கப் பல வினாடி ஆகும். இரண்டாம் படி வண்டியின் பிறவிக் குறை இது.

‘ஓட்டுநரே இல்லாத கார் மனிதனைவிடப் பாதுகாப்பு என்று நிரூபித்துவிட்டார்களே’ என்று கேட்பவர்கள் உண்டு. நிரூபித்தது எதை என்று பார்க்க வேண்டும். வேமோ 2025 ஜனவரி வரை ஓட்டுநரின்றி ஓடிய 5 கோடியே 67 லட்சம் மைலை அதே நகரங்களின் மனித ஓட்டுநர்களோடு ஒப்பிட்டது. பாதசாரிக்குக் காயம் ஏற்படும் மோதல் 92 விழுக்காடு குறைவு. சந்திப்புகளில் காயம் தரும் மோதல் 96 விழுக்காடு குறைவு. கடுங்காயம் அல்லது அதற்கு மேல் 85 விழுக்காடு குறைவு. ஆய்வை எழுதியவர்கள் அந்த நிறுவனத்தினரே. ஆனாலும் சுவிஸ் ரீ காப்பீட்டு நிறுவனத்துடன் சேர்ந்து செய்த 2 கோடியே 53 லட்சம் மைல் ஆய்வில் காயத்துக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகள் 92 விழுக்காடு குறைந்திருந்தன. பெரிய சாதனை, நம்பத்தக்கது என்றே கருதுகிறேன். குடிக்காத, தூங்காத, வலப்புறம் பார்க்கும்போதே இடப்புறமும் பார்க்கும் ஓட்டுநர் சந்திப்பில் மனிதனை வெல்வது இயல்பு. ஆனால் அவை முன்கூட்டியே அங்குலம் அங்குலமாக வரைபடமிட்ட நகரத் தெருக்கள். அதிவேக நெடுஞ்சாலை அந்த ஒப்பீட்டில் இல்லை. அந்த எண்ணை எடுத்து ஒரு கேமரா, ஒரு ரேடார் கொண்ட வண்டிக்குச் சூட்டுவது ஏமாற்று.

‘94 விழுக்காடு விபத்து மனிதத் தவறு’ என்ற வாசகமும் அப்படித்தான் சுற்றுகிறது. விபத்துக்கு முந்தைய சங்கிலியின் கடைசிக் கண்ணி ஓட்டுநரிடம் இருந்தது என்பதே அந்த அமெரிக்கக் கணக்கின் பொருள். ஓட்டுநரை நீக்கினால் 94 விழுக்காடு மறையும் என்பதல்ல. 2013 செப்டம்பர் 5 அன்று பைன்டவுன் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி 24 பேரைக் கொன்றது. அந்த லாரியில் எத்தனை உணரி வைத்திருந்தாலும் பிரேக் இல்லாமல் அவை என்ன செய்யும்?

லோட் ஷெடிங்கில் ரோபோ அணைந்தால் நாம் நான்கு பக்கமும் நின்று முறைவைத்துப் போகிறோம். கைசாடை, கண்சாடை, சில நேரம் நடுவில் நின்று போக்குவரத்தை ஒழுங்கு செய்யும் தெருவோரத்து ஆள். 2025 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் மின்சாரம் போனபோது வேமோ வண்டிகள் பல, அணைந்த விளக்குகளின் முன்னே நின்று சந்திப்புகளை அடைத்தன. சேவையையே நிறுத்த வேண்டியதாயிற்று. மனிதன் தவறு செய்யும் இடமும் இயந்திரம் தவறு செய்யும் இடமும் வேறு வேறு. ஒருவர் ஓட்டையை மற்றவர் அடைக்கும்படி பயன்படுத்தினால்தான் இந்தத் தொகுப்புக்குப் பொருள்.

கார்க் கடத்தல் பயம் பற்றியும் சொல்ல வேண்டும். ‘எதிரே ஆள் வந்து நின்றால் கார் தானாக நின்றுவிடுமே’ என்று இதை முழுதும் அணைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஆக்ஸிலரேட்டரை வலுவாக அழுத்தினாலோ ஸ்டியரிங்கைத் திருப்பினாலோ தானியங்கி பிரேக் விலகிக்கொள்ளும். முடிவு உங்கள் காலில்தான் இருக்கிறது.

பராமரிப்பில்தான் பெரும்பாலானவர் கோட்டை விடுகிறார்கள். முன்கண்ணாடி விரிசல் விட்டு மாற்றினால் கேமராவை மீண்டும் அளவுசெய்தே (கேலிபரேஷன்) ஆக வேண்டும். கேமரா ஒரு டிகிரி திரும்பியிருந்தால் 50 மீட்டரில் 87 செ.மீ. பிசகும், 100 மீட்டரில் ஒன்றேமுக்கால் மீட்டர், அதாவது தடத்தில் ஏறத்தாழ பாதி. பக்கத்துத் தடத்து வண்டிக்குப் பிரேக் போடும், உங்கள் தடத்து வண்டியை விட்டுவிடும். விளக்கு எரியாது, பிழைச் செய்தி வராமலும் போகலாம். சரியான முறை இது: சமதளத் தரை, கதவுச் சட்டத்தில் எழுதிய டயர் காற்றழுத்தம், காலி டிக்கி, வண்டியின் மைய அச்சிலிருந்து அளந்து நிறுத்திய குறிப்பலகை, ஸ்கேன் கருவி. மாடலைப் பொறுத்து அதன்பின் சாலை ஓட்டமும் வேண்டும். ‘ஓட்ட ஓட்டத் தானே சரியாகிவிடும்’ என்று கண்ணாடிக் கடை சொன்னால் வேறு கடைக்குப் போங்கள். முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன் அறிக்கையை அச்சில் வாங்குங்கள். அளவு செய்யும் செலவு காப்பீட்டில் அடங்குமா, எக்ஸஸ் (உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு) எவ்வளவு என்பதைக் கண்ணாடி உடையும் முன்பே கேட்டு வையுங்கள்.

வீல் அலைன்மென்ட், சஸ்பென்ஷன் உயர்த்தல், பம்பர் இடி ஆகியவற்றுக்குப் பிறகும் இதே சோதனை வேண்டும். முத்திரையின் பின்னால் ரேடார் இருப்பதால் மலிவான போலி முத்திரை, கனமான பெயின்ட், ஸ்டிக்கர் எதுவும் அங்கே ஆகாது. பக்கிகளில் (பிக்கப் வண்டிகளில்) புல்பார் மாட்டுபவர்கள் ரேடாரின் பார்வையை மறைத்துவிட்டு ‘கருவி கெட்டுவிட்டது’ என்கிறார்கள். சுங்கச்சாவடி இ-டேக்கைக் கேமராவின் முன் ஒட்டாதீர்கள். கரும்பு எரிக்கும் மாதங்களில் டோங்காட் பக்கம் வண்டி நிறுத்துபவர்கள், படியும் கரியைக் காய்ந்த துணியால் தேய்க்காமல் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கீறிய கண்ணாடியில் எதிர்வண்டி விளக்கு சிதறி, இரவில் கேமரா குருடாகும். டயரும் இதில் சேர்த்தி. நம் சட்டம் 1 மி.மீ. வரி ஆழத்தை அனுமதிக்கிறது; 3 மி.மீ.க்குக் கீழே போனாலே ஈரத் தாரில் பிடிப்பு சரியத் தொடங்கும். கேமரா நேரத்துக்குப் பார்த்து என்ன, டயர் வழுக்கினால்?

பழைய வண்டியாக வாங்கினால் முன்கண்ணாடியின் மூலையில் உள்ள தயாரிப்பு முத்திரையைப் பக்கக் கண்ணாடிகளோடு ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் மாற்றிய கண்ணாடி; அளவு செய்த அறிக்கையைக் கேளுங்கள், இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

புது வண்டிக்குப் பூஜை போடும்போது ஒரு வேண்டுகோள். சந்தனமும் குங்குமமும் பானெட்டின் மேல் வையுங்கள். முன் முத்திரையிலும், கேமராவுக்கு நேரே உள்ள கண்ணாடியிலும் வேண்டாம். கிரில்லில் தொங்கும் மாலையைக் கோயில் வாசலைத் தாண்டும் முன் கழற்றி உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.